கேட்காத அரைமணிக்கு ஒரு அறிக்கை

மரத்தில் கம்பி கட்டுகிறவனை மலையில் யாரும் நம்ப மாட்டார்கள். கம்பி என்றால் ஒன்று பன்றிக்குச் சுருக்கு, இல்லையென்றால் திருட்டுக் கரண்ட், இரண்டும் இல்லையென்றால் யாருக்கோ தகவல் சொல்கிற வேலை. நான் கட்டியது ரேடியோவுக்கு. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் எனக்கு ஒதுக்கிய லயத்து அறையின் ஜன்னலிலிருந்து எதிரே நின்ற பலாமரம் வரைக்கும் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று இழுத்திருந்தேன். கட்டிய வாரத்திலேயே வனக்காவலர் வந்து அதன் கீழே நின்றார்.

"என்னப்பா இது, சுருக்கா?"

"இல்ல சார். ரேடியோவுக்கு."

"என் போன்லகூட ரேடியோ இருக்கு. அதுல என்ன கம்பியா தொங்குது?"

"இது வெளிநாட்டு ஸ்டேசன் சார். சிற்றலை. கம்பி இருந்தாத்தான் தெளிவா வரும்."

"வெளிநாடா?" அந்த வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். "நீ பேசினா அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது சார். நான் கேக்க மட்டுந்தான்."

"அதெப்படிப்பா ஒரு பக்கமா மட்டும் கேக்கும்?"

போட்டுக் காட்டச் சொன்னார். பகல் நேரம், எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் ஏதோ ஒரு மொழியில் ஒரு பெண் இழுத்து இழுத்துப் பாடினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததை எதுக்குக் கேட்கிறாய் என்றார். கங்காணிதான் வந்து காப்பாற்றினார். "கொஞ்சம் கிறுக்கன் சார். ஆனா சோலியில சுத்தம். விட்ருங்க." காவலர் போகும்போது பலாமரத்தையும் என்னையும் கம்பியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறதோ.

நான் ஏழாவதோடு நின்றவன். திருப்பூரில் சாயப்பட்டறை, நாமக்கல்காரர்களின் போர்வெல் லாரி, கோவாவில் மீன் ஏற்றும் வேலை, பிறகு இந்த மலை. ஒரு இடத்தில் இரண்டு தீபாவளி பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். போர்வெல் லாரியில் ராஜஸ்தான் பக்கம் சுற்றிய காலத்தில் எங்கள் சமையல்காரரிடம் ஒரு ரேடியோ இருந்தது. சுற்றிலும் மணல், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒரு மாலையில் அந்த டப்பாவிலிருந்து "அன்பு நேயர்களுக்கு வணக்கம்" என்று ஒருவர் சொன்னார். அந்த வேலையை விட்டு வரும்போது என் கம்பளியைக் கொடுத்துவிட்டு ரேடியோவை வாங்கிக்கொண்டு வந்தேன். அதே லாரியில் என் இடது சுண்டுவிரலின் நுனி போனது. குமிழைத் திருகுவதற்கு வலது கை போதும் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சிற்றலை கேட்பது கையால் செய்கிற வேலை. எண் தெரிந்தால் போதாது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் நூலிழை இடம்தான் இருக்கும். குமிழை அசைத்ததும் அசைக்காததுமாக நிறுத்த வேண்டும். குரல் மேலே வரும், உள்ளே போகும், திரும்பி வரும். கம்பியை ஒரு விரலால் தொட்டால் சில நாள் தெளியும், சில நாள் கெடும். கேரளப் பக்கம் மின்னல் வெட்டினால் எனக்கு மேகம் தெரிவதற்கு முன்பே காதில் படபடவென்று பொரியும். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு வெளிநாட்டு வானொலியின் தமிழ் அரைமணியை நான் தினமும் மாலையில் கேட்டேன். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எங்கள் லயத்தில் டவர் கிடையாது. போனில் பேச வேண்டுமானால் ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். அந்த அரைமணி போய்விட்டால் மாலைக்குப் பிறகு எனக்கு மனிதக் குரல் என்பது பக்கத்து அறைச் சண்டைதான்.

போடியில் எங்களுக்கு ஒரு நேயர் மன்றம் இருந்தது. ஐந்து பேர். செயலாளர் ஒரு மைக்செட் கடைக்காரர், எல்லாருக்கும் அண்ணன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று வாலிபத்திலிருந்து குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று வாழ்ந்தவர். மற்றவர்கள் ஒரு தையல்காரர், ஒரு டீ மாஸ்டர், ராசிங்காபுரத்தில் கத்திரிக்காய் போடுகிற ஒரு விவசாயி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் கூடுவோம். வாரத்தில் எந்த நாள் எப்படிக் கேட்டது என்று அறிக்கை எழுதி நிலையத்துக்கு அனுப்புவோம். சத்தம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, வேறு நிலையம் மேலே ஏறியதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். ஐந்து என்றால் கண்ணாடி மாதிரி. அதற்குப் பதிலாக நிலையத்திலிருந்து ஒரு வண்ண அட்டை வரும். உங்கள் அறிக்கை உண்மை என்று அவர்கள் சரிபார்த்ததற்கு அதுதான் சாட்சி.

இதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டவர் ஒருவராக இருந்தாலும் கடிதத்தின் அடியில் ஐந்து பேர் பெயரும் இருக்கும், திருவிழா நோட்டீஸில் ஊரார் பெயரையெல்லாம் வரிசையாகப் போடுகிற மாதிரி. டீ மாஸ்டர் கடைசியாக எப்போது ரேடியோ கேட்டார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் பெயர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்வார். நிலையத்தில் தலை எண்ணுவார்கள், ஐந்து தலை இருந்தால் நல்லதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். தமிழ்நாட்டில் பல மன்றங்களில் இப்படித்தான்.

ஒரு நாள் நேயர் கடிதங்களை வாசிக்கிற நேரத்தில் அதை நடத்துகிற அறிவிப்பாளர் அம்மா அறிவித்தார். சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு முழுவதும் இணையத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறார்களாம். "உண்மையிலேயே வானொலிப் பெட்டியில் கேட்கிறவர்கள் இருக்கிறீர்களா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் அறிக்கைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்" என்றார். நன்றாக அறிக்கை அனுப்புகிற நேயர் ஒருவரைத் தங்கள் நாட்டுக்கே விமானத்தில் அழைக்கப்போவதாகவும் சொன்னார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்தது. அதிலிருந்து ஒயர் மாடிக்குப் போனது. திரையில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் மேலிருந்து கீழே மழை மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தன. மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகன் வந்து போட்டுக் கொடுத்தது என்றார்.

"ஒவ்வொரு கோடும் ஒரு ஸ்டேசன். எது எத்தனை பலமா வருதுன்னு அதுவே அளந்து அதுவே எழுதிக்கும். நம்ம ஸ்டேசன் நேரம் வந்தா எண்ணைப் போட்டு அறிக்கையும் அதுவே மெயில்ல அனுப்பிரும்."

"அப்ப கேக்குறது யாருண்ணே?"

"அதுதான் கேக்குது."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

தையல்காரர் சிரித்தார். "தமிழ் தெரிஞ்ச உனக்கு என்னத்த வெளங்குச்சு? மாப்ளே, நம்ம சோலி மிச்சம். விடு."

"என்ன நிகழ்ச்சி வந்துச்சுன்னு எழுதணுமேண்ணே. செய்தியா, பாட்டா?"

"அவங்க வெப்சைட்ல போட்டிருக்கான்ல. அதை அப்படியே எடுத்துக்கும். எல்லாம் செஞ்சு வச்சிருக்கான் மருமகன்." கேள்வி கேட்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் கண்ணைத் திரும்பத் திரையிலேயே வைத்தார். எனக்கு முதல் சந்தேகம் அங்கே விழுந்தது. ரேடியோ என்றால் கண்ணை மூடுகிற ஆள் அவர். ஒரு காலத்தில் அவர் கடையில் நிலையம் வரும் நேரத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் திட்டுவார்.

மலைக்குத் திரும்பிய ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். அறிக்கை தினமும் போகும். எண் எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது, தப்பு இருக்காது. வேறு எந்த மன்றமும் இப்படி அனுப்ப முடியாது. விமானத்தில் ஏறப்போவது யார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது. ஐந்து பேர் பெயரைப் போட்டுவிட்டு ஒருவர் மட்டும் ஏறுவார்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் அறிக்கையை என் காதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மெசின் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை, குறிப்பிட்ட நாளில் நிலையம் வரவே இல்லை, மெசின் எப்படி நான்கு போட்டது என்று கடையில் சத்தம் போட்டேன். ராசிங்காபுரத்து விவசாயி நிதானமாக, "வந்துச்சேப்பா. நான் கேட்டேனே. வெங்காயத்தைப் பத்தி ஒரு உரை வந்துச்சு" என்றார். அறைக்குப் போய்ப் பார்த்தால் என் ரேடியோவின் பேட்டரி வைக்கிற இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் என்னைப் பார்த்ததும் தன் காதைத் தொட்டுக் காட்டி, "இதைக் கழுவிட்டு வந்தியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். சந்தேகத்தை மூடவில்லை.

கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தேன். நான் கேட்கிற கேள்விக்கு அண்ணன் வேறு பதில் சொல்வார். மெசினைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார். மழுப்புகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் மெதுவாக, "பயணம் யாருக்குண்ணே, நமக்குத்தானா?" என்று கேட்டபோது, தலையை ஆட்டிச் சிரித்தார். திருட்டுச் சிரிப்பு என்று எனக்குப் பட்டது.

பிறகு அந்த மாலை வந்தது. வேலை முடித்துக் கால் கழுவி உட்கார்ந்து குமிழைத் திருகினேன். நிலையம் இல்லை. பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஜோராக வந்தன. நம் இடம் மட்டும் காலியாக இருந்தது. வெறும் காலி, நீர் வற்றிய பைப்பைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு காற்று. அரைமணி முழுக்கக் கம்பியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்தியே விட்டார்களோ என்று இருட்டிய பிறகும் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதே குரல் வழக்கம்போல வணக்கம் சொன்னபோது பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நானும் வணக்கம் சொன்னேன்.

அடுத்து வந்த நேயர் கடித நேரத்தில் அந்த அம்மாவின் குரலில் சிரிப்பு இல்லை. அந்த நாளில் எங்கள் ஒலிபரப்புக் கருவி பழுதாகி நிகழ்ச்சி எதுவும் போகவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். "ஆனால் தமிழகத்தின் மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து அன்றைக்கும் நிகழ்ச்சி மிகத் தெளிவாகக் கேட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. கீழே ஐந்து நேயர்களின் பெயரும் இருக்கிறது. இப்படி வந்தால் மற்ற அறிக்கைகளை நாங்கள் எப்படி நம்புவது?" பெயர்களை அவர் வாசிக்கவில்லை. அவசியமும் இல்லை. ஐந்தில் ஒன்று என்னுடையது. கேட்காததைக் கேட்டேன் என்று சொன்னவனாக நானும் அங்கே நின்றேன்.

கோபம் எனக்கு ஞாயிறு வரை தாங்கவில்லை. ஆனால் வேலை இருந்தது, ஞாயிறுதான் போக முடிந்தது. முதல் ஜீப்பில் ஏறி இறங்கினேன். கடையில் அண்ணன் தனியாக இருந்தார். ஏதோ ஊர்த் திருவிழா ஆர்டர். அம்மன் உருவம் செய்த பெரிய சீரியல் பல்பு போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அம்மன் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி எரிந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளேயிருந்து மதினி எட்டிப் பார்த்தார்.

"வாங்க தம்பி. அந்தாளுகிட்ட காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க. நானும் கத்திப் பாத்துட்டேன். நான் கூப்பிட்டா என்னைக்குத் திரும்பியிருக்காரு? அந்த மெசினு கூப்பிட்டா ஓடுவாரு."

நான் காப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. நேராக எதிரே போய் நின்றேன். "கேட்டீங்களாண்ணே, கடித நேரத்தை?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன், என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் மெசினை விட்டுக் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த மாலையின் படத்தை எடுத்துக் காட்டினார். "பாரு. நம்ம இடத்துலதான் கோடு. எத்தனை தடியா இருக்கு பாரு. அவங்க ஏதோ தப்பாச் சொல்றாங்க."

கோடு இருந்தது. தடியாக, மஞ்சளாக, வெட்டி வெட்டி இறங்கியது. நான் திரையின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். அங்கே இப்போது என்ன வருகிறது என்பது ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகல். நம் நிலையம் மாலையில்தான். ஆனால் அதே இடத்தில் அதே தடியில் அதே வெட்டோடு ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கோடு வெட்டும்போதெல்லாம் சுவரில் அம்மன் நிறம் மாறினாள்.

"இதைக் கேக்கலாமாண்ணே?"

மெசினின் சத்தம் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குப் போய் அங்கிருந்து ஹெட்போனுக்கு வந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. டர்ர்ர் என்று ஒரு இரைச்சல் மண்டைக்குள் புகுந்து பல்லெல்லாம் கூசியது. பிடுங்கி மேசைமேல் எறிந்தேன். அப்புறம் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. அதற்கு மேல் திருக இடமில்லை.

போய் சீரியல் போர்டின் சுவிட்சை அணைத்தேன். அம்மன் அணைந்தாள். கோடும் அணைந்தது.

அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தானே போய்ப் போர்டைப் போட்டார். கோடு வந்தது. அணைத்தார், போனது. அந்த மாலையும் எரிந்துகொண்டிருந்த பல்பு போர்டின் இரைச்சலைத்தான் மெசின் நிலையம் என்று அளந்து ஐந்து போட்டிருக்கிறது. வெப்சைட்டில் இருந்த நிகழ்ச்சியை எடுத்து அதற்குக் கீழே எழுதி அனுப்பியும்விட்டது.

"ஹெட்போனை மாட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமேண்ணே" என்றேன். நான் குமிழைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடி நின்றார். "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகவே கூப்பிட்டேன். உள்ளேயிருந்து மதினிதான், "என்ன தம்பி?" என்றார்.

நான் சேர்த்து வைத்திருந்த சந்தேகமெல்லாம் அந்த இடத்தில் வேறு மாதிரி தெரிந்தது. மழுப்பல், மழையைப் பற்றிய பேச்சு, அந்தச் சிரிப்பு.

அவர் எதிரே போய் நின்று, வாய் தெரிகிற மாதிரி கேட்டேன். "எத்தனை நாளாண்ணே?"

மதினி உள்ளே போகிறாரா என்று பார்த்துக்கொண்டார். "மெசினு வாங்குறதுக்கு முன்னாடியிருந்தே. எதுக்க நின்னு பேசினா வெளங்குது. ரேடியோ வெளங்கல. எந்நேரமும் உள்ள ஒரு விசிலு. மைக்கு கூவுமே, அது மாதிரி. இத்தனை வருசம் எத்தனை மைக்கை அமத்தியிருக்கேன். இதை அமத்த முடியல."

"மதினிக்கு?"

"அவளுக்கு நான் எப்பவுமே கேக்காத ஆளுதான. வித்தியாசம் தெரியல." சிரிக்கப் பார்த்தார். "வெளிய சொல்லிராதப்பா. மைக்செட்டுக்காரனுக்குக் காது போச்சுன்னா எவன் ஆர்டர் குடுப்பான்?"

எனக்கு இன்னும் ஒரு முள் பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "பிளேன் பயணத்துக்காகத்தான் தினமும் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

"பிளேன்ல போயி நான் என்னத்தக் கேக்க?" என்றார். "அந்தக் கோடு இறங்குறதைப் பாக்கும்போது, இன்னும் வருதுன்னு ஒரு இது. அவ்வளவுதான். ஸ்டேசனை நிறுத்திருவாங்கன்னு சொன்னாங்கள்ல. நம்ம பக்கத்துல இருந்து ஒரு நாளும் விட்டுப்போயிரக் கூடாதுன்னு பாத்தேன்."

நிறுத்திவிடக் கூடாது என்று அனுப்பிய அறிக்கைதான் நிறுத்துவதற்குக் காரணமாகப் போகிறது. அது அவருக்கே தெரிந்திருந்தது. ஆறிய காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அன்றைக்கு மற்ற மூவரும் வந்ததும் உண்மையை எழுதி அனுப்புவது என்று முடிவானது. டீ மாஸ்டர் மட்டும், "பேசாம விட்ரலாம். ஊர் பேரே சொல்லலைல்ல" என்றார். விட்டால் நம் அறிக்கையை இனி யாரும் நம்ப மாட்டார்கள் என்று ராசிங்காபுரத்தார் சொன்னார். அண்ணன் என்னைக் கடைக்கு வெளியே கூப்பிட்டு, "சீரியல் செட்டுன்னு எழுது. காதுன்னு எழுதாத" என்றார். அப்படியே எழுதினேன். எங்கள் கடையின் பல்பு போர்டை எங்கள் மெசின் உங்கள் நிலையம் என்று நினைத்துவிட்டது, அறிக்கை போகுமுன் யாரும் காதால் கேட்டுச் சரிபார்க்கவில்லை, எங்களில் ஒருவன் மட்டும் மலையில் கேட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டான், மற்றவர்கள் பெயர் வழக்கத்துக்காகப் போட்டது என்று எழுதினேன். இனி கேட்டவர் பெயர் மட்டும் வரும் என்றும் எழுதினேன். டீ மாஸ்டருக்கு அந்த வரிதான் பெரிய வருத்தம்.

தபால் போய்ச் சேர்ந்து ஏதாவது தெரிகிற வரைக்கும் ஒவ்வொரு மாலையும் குமிழைத் தொடும்போது கை கொஞ்சம் தயங்கும். இன்றைக்குக் காலியாக இருந்தால் அது பழுதா, முடிவா என்று எப்படித் தெரியும்? பழுது என்றால் மறுநாள் சொல்வார்கள். முடிவு என்றால் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு கடித நேரத்தில் எங்கள் கடிதத்தை எடுத்தார்கள். இந்த முறை ஊர் பெயரைச் சொன்னார். பல்பு அம்மன் பகுதியை வாசிக்கும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட இருந்த ஆண் அறிவிப்பாளரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா, "இல்லை என்று எழுதுகிற நேயரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார். அடுத்த ஆறு மாதப் பருவத்தின் அலைவரிசைப் பட்டியலில் சிற்றலை இருக்கும், அதற்குப் பிறகு என்ன என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு அது போதும். நானே எந்த இடத்திலும் அதற்கு மேல் உறுதி கேட்டதில்லை. விமானத்தில் யார் போனார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் இல்லை.

அண்ணனுக்கு உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. பாறைமேல் ஏறிப் போனை எடுத்த பிறகுதான், பேசினால் அவருக்குக் கேட்காது என்பது உறைத்தது. ஞாயிறு வரை வைத்திருந்தேன்.

கடைக்குள் போய் அவர் எதிரே நின்று, வாயைத் திறந்து மூடி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். கடிதத்தை வாசித்தார்கள் என்றேன். பட்டியலில் இருக்கிறோம் என்றேன். சிரித்தார்கள் என்றேன்.

"நெசமாவா?" என்றார். "எனக்காகச் சொல்லலையே?"

"அட, நெசமாண்ணே. ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இத்தனை மாதமும் நான் அவருடைய மெசினை அப்படித்தான் பார்த்தேன். தனக்குக் கேட்காத ஒன்றை இவன் கேட்டேன் என்கிறான், எதை வைத்து நம்புவது?

இதை எழுதலாமா என்று பின்னால் ஒருமுறை கேட்டபோது, "யாரு பேரும் போடாம எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்லி முடித்த அந்த ஞாயிறு அவர் முதலில் சீரியல் போர்டுகள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று ஒரு முறை சுவரைப் பார்த்தார். இப்போதெல்லாம் நிலைய நேரத்தில் அவர் கடையில் ஒரு பல்பு எரியாது. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடித நேரம் வந்த அந்த மாலையின் படத்தை எடுத்தார். மெல்லிய மஞ்சள் கோடு. பக்கங்களில் இலை நரம்பு மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. அது பேச்சு.

"எந்த இடத்துல சிரிச்சாங்க? காட்டு."

நான் குனிந்து பார்த்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. கோட்டின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, பிசிறு சற்று அகலமாக இருந்த ஓரிடத்தில் விரலை வைத்தேன்.

"இங்கன."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என் விரலை ஒதுக்கிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.